காரில் ஸ்பீக்கர் மாற்றினேன்: பாதி வேலை கதவில்தான்

ஆலயப் பாடகர் குழுவில் நான் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். வீடு ராயபுரத்தில், ஆசிரியை வேலை எண்ணூரில். பாட்டுப் பயிற்சிக்கு எனக்குக் கிடைக்கிற நேரம் போக வர வண்டியில் இருக்கும்போதுதான். எங்கள் குழுத் தலைவர் நான்கு குரல்களையும் சேர்த்துப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அதைக் காரில் போட்டு, என் வரியைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடிப் பாடித்தான் மனப்பாடம் செய்வேன். பழைய ஸ்பீக்கரில் இது முடியாமல் போய்விட்டது. பெண்களின் மேல்குரலான சொப்ரானோ மேலே தெரியும், ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் கீழே உறுமும், நடுவில் ஓடுகிற ஆல்டோவும் ஆண்களின் மேல்குரலான டெனரும் ஒன்றாகக் குழைந்து ஒரு முனகலாகத்தான் வரும். காசிமேடு தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் ஓட்டும்போது அதுவும் காணாமல் போகும். சத்தத்தைக் கூட்டினால் 'ச'வும் 'ஸ'வும் காதில் குத்துமே தவிர, சொல் தெளியாது.

ஆகவே முன் கதவு ஸ்பீக்கர்களை மாற்றினேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஸ்பீக்கருக்கு நல்ல மார்க் போடுவேன். மாட்டிய கைக்கு அதைவிட அதிகம் போடுவேன்.

முதலில் போனது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சென்னையில் கார் சாமான் என்றால் யாரும் அங்கேதான் அனுப்புவார்கள். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் சீட் கவர், ஸ்டீரியோ, சன் ஃபிலிம் கடைகள்தான். எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்ளோ பேஸ் வேணும் மேடம்?" எனக்குக் குரல் வேண்டும், நாலு பேர் சேர்ந்து பாடினால் நாலு பேரும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றேன். உடனே சீட்டுக்கு அடியில் வைக்கிற, ஆழமான பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கரை எடுத்துக் காட்டினார்கள். அதை நான் வாங்காததற்குக் காரணம் உண்டு. ஆண் பேஸ் பாடகர் வழக்கமாக இறங்கும் கீழ் 'ஈ' ஸ்வரம் ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். ஆல்டோவின் வீச்சு சுமார் 175-லிருந்து 700 ஹெர்ட்ஸ் வரை. ஒழுங்காக மாட்டிய 6.5 இன்ச் கதவு ஸ்பீக்கர் இந்த மொத்தத்தையும் தானே சமாளிக்கும். சப்வூஃபர் வேலை செய்வது பெரும்பாலும் அதற்குக் கீழே. டிரம்ஸும் சினிமாப் பாட்டின் அதிரடியும் விரும்புகிறவர்களுக்கு அது தேவை. என் பணத்தை நான் குரல் இருக்கிற இடத்தில் போட நினைத்தேன்.

அடுத்து, பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த வாட். 300, 350 என்றெல்லாம் போட்டிருக்கும். அது ஒரு கண நேர உச்சம், பார்த்து வாங்க வேண்டிய எண் அது இல்லை. பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஆர்எம்எஸ் என்று இருப்பதைப் பாருங்கள், தொடர்ந்து தாங்கும் சக்தி அதுதான். அதைவிட முக்கியம், உங்கள் ஸ்டீரியோ எவ்வளவு தருகிறது என்பது. முகப்பில் '50 வாட் x 4' என்று எழுதியிருந்தாலும், காரின் மின்சாரத்தில் உள்ளே இருக்கும் சிப் ஒரு சேனலுக்குத் தொடர்ந்து தருவது சுமார் 15-லிருந்து 20 வாட்தான். தனி ஆம்ப்ளிஃபயர் போடாமல் கம்பெனி ஸ்டீரியோவிலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால், சென்சிட்டிவிட்டி என்ற டெசிபல் எண்ணைக் கேளுங்கள். 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர், அதே சத்தத்தைப் பாதி வாட்டில் தரும். 89-க்கும் 92-க்கும் காகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. 18 வாட் ஸ்டீரியோவுக்கு அது 36 வாட் ஆனதற்குச் சமம்.

பிராண்டு விஷயத்தில் கடைக்காரர்கள் அடித்துக்கொள்வதைக் கேட்டு ரொம்பக் குழம்ப வேண்டாம். ஜேபிஎல் நல்லதா, இன்ஃபினிட்டி நல்லதா என்று ஒரு கவுன்ட்டரில் பெரிய வாக்குவாதமே நடந்தது. இரண்டும் ஹர்மன் வீட்டுப் பிள்ளைகள். அந்த ஹர்மனையே 2017-ல் சாம்சங் வாங்கிவிட்டது. பயனியர், சோனி, கென்வுட் எல்லாவற்றிலும் நல்ல மாடலும் உண்டு, சுமாரான மாடலும் உண்டு. நான் பார்த்தது வேறு: கோஆக்சியலா, காம்போனன்டா? கோஆக்சியலில், மேல்சுருதிக்கான சின்ன ட்வீட்டர், மற்றதைப் பாடும் பெரிய ஊஃபரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். விலை குறைவு, மாட்டுவது சுலபம். ஆனால் முன் கதவில் ஸ்பீக்கர் இருப்பது நம் முழங்காலுக்குப் பக்கத்தில். மேல்சுருதி ஒலிகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை, அங்கிருந்து கிளம்பி காலிலும் சீட்டிலும் முட்டி நின்றுவிடும். காம்போனன்டில் ட்வீட்டர் தனி என்பதால் காதுக்கு எதிரே மேலே வைக்கலாம். பாட்டின் சொல் தெளிவது பெரும்பாலும் அங்கேதான். பின் சீட்டில் பிள்ளைகளுக்காக மாற்றுகிறவர்களுக்குக் கோஆக்சியல் தாராளமாகப் போதும்.

கடைசியில் எடுத்தது இத்தாலிக் கம்பெனியான ஹெர்ட்ஸின் ஆரம்ப வரிசை 6.5 இன்ச் காம்போனன்ட் செட். 4 ஓம், சென்சிட்டிவிட்டி 90-க்கு மேல், ட்வீட்டர் சாஃப்ட் டோம், அதாவது அதில் அதிரும் குமிழ் உலோகம் இல்லை, மென்மையானது. உலோக டோம் போட்ட வேறு இரண்டு செட்டையும் கேட்டேன். முதலில் பளிச்சென்று இருந்தது. ஆனால் பெண்குரல்கள் உரத்துப் பாடும் இடத்தில் காது கூசியது. கடையின் டெமோ போர்டில் அவர்கள் பாட்டைப் போட விடாதீர்கள். உங்களுக்கு வரிக்கு வரி தெரிந்த பதிவைப் போனில் எடுத்துப் போங்கள், குறைந்த சத்தத்திலும் கேளுங்கள். குறைந்த சத்தத்தில் சொல் புரிகிற ஸ்பீக்கர்தான் எனக்கு வேண்டியிருந்தது, இது அதைச் செய்தது.

பில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், மாட்டுவதை அங்கே வைத்துக்கொள்ளவில்லை. அரை மணியில் முடித்துத் தருகிறோம் என்றார்கள். அந்த அரை மணிதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் தெருவில் ஒருவருக்கு வேறெங்கோ அப்படித்தான் மாட்டிக் கொடுத்திருந்தார்கள். கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டு ஒட்டாமலே மூடிவிட்டார்கள், முதல் மழையிலேயே கால் வைக்கிற இடத்தில் தண்ணீர்.

நான் போனது மூலக்கடைப் பக்கம் ஒரு சின்ன இடம். கடைப் பெயரை இங்கே போடவில்லை, அதை நடத்துகிற அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரும் ஒரு தம்பியும்தான் வேலை, ஒரு நாளைக்கு ஒரு வண்டிக்கு மேல் எடுப்பதில்லை, கூட்டம் சேர்ந்தால் வேலை கெடும் என்கிறார். நான் வெளியே வாங்கிய சாமானைக் கொண்டுபோனதற்கு முகம் சுளிக்கவில்லை. "பொருள எங்க வேணா வாங்கிக்கம்மா. மாட்றத மட்டும் அவசரப்படுத்தாத" என்றார்.

எதையும் கழற்றுவதற்கு முன் அண்ணன் வண்டிக்குள் உட்கார்ந்து என் பாட்டைப் பழைய ஸ்பீக்கரிலேயே போடச் சொன்னார். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், என் கையை எடுத்துக் கதவில் வைக்கச் சொன்னார். கை முழுக்க அதிர்ந்தது. "ஸ்பீக்கர் பாடலம்மா. கதவுதான் பாடுது. இத அடக்காம நீ லட்ச ரூபா ஸ்பீக்கர் போட்டாலும் கதவுதான் பாடும்." இந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்குக் கூலி கொடுக்கலாம்.

அவர் விளக்கியதையும் பிறகு நான் புரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கும். முன்பக்க அலையும் பின்பக்க அலையும் எதிர் எதிர். வீட்டு ஸ்பீக்கரில் பின்பக்க அலையை மரப்பெட்டி அடைத்துவைக்கிறது. காரில் பெட்டியே கதவுதான், அதுவோ ஓட்டை ஓட்டையாக இருக்கும் தகரம். பின் அலை அந்த ஓட்டைகள் வழியாக உள்ளே வந்து முன் அலையோடு மோதி, கீழ்ச்சுருதிகளை அழித்துவிடுகிறது. மிச்சத்தைத் தகரத்தின் அதிர்வு கலக்கிவிடுகிறது. என் பதிவில் டெனரும் ஆல்டோவும் குழைந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

தம்பி கதவு பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்றிய விதமே நிதானமாக இருந்தது. கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஸ்க்ரூவை முதலில் எடுத்தான், பிறகு பிளாஸ்டிக் நெம்பியால் ஒவ்வொரு கிளிப்பாக. பழைய வண்டியில் கிளிப் காய்ந்து உடையும் என்று ஏற்கெனவே புதுக் கிளிப்புகளை வாங்கி வைத்திருந்தான். "உடைஞ்ச கிளிப்போட மூடினா அப்புறம் கடகடன்னு சத்தம் வரும் க்கா, ஸ்பீக்கர்தான் சரியில்லன்னு திட்டுவீங்க" என்றான். உள்ளே இருந்த பழைய ஸ்பீக்கரை ரிவெட் அடித்துப் பிடித்திருந்தது. ரிவெட்டை டிரில் போட்டு எடுக்கும்போது, இரும்புத் தூள் எங்கும் விழாதபடி துணி கட்டிப் பிடித்தான், கடைசியில் காந்தத்தால் ஒருமுறை துழாவினான். அந்தத் தூள் புது ஸ்பீக்கரின் காந்தத்தில் போய் ஒட்டினால் கரகரப்பு வரும். பழையதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காகிதக் கூம்பு, பின்னால் சின்னக் காந்தம், எடையே இல்லை.

பிறகு கதவின் அதிர்வை அடக்கும் ஷீட் ஒட்டுவது. அலுமினியத் தாள் மேலேயும் பியூட்டைல் ரப்பர் கீழேயும் உள்ள ஷீட், 2 மில்லிமீட்டர் தடிமன். தார் ஷீட் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் சென்னை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அது இளகி வாடை அடிக்கும் என்று அண்ணன் அதைத் தொடுவதே இல்லை. கதவின் வெளித்தகரத்தில் உள்பக்கமாக, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் நன்றாகவும் மற்ற இடத்தில் ஆங்காங்கேயும் ஒட்டி, சின்ன உருளையால் காற்று இல்லாமல் தேய்த்தார்கள். பிறகு உள்தகரத்தின் பெரிய ஓட்டைகளை அடைத்தார்கள். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிகிற சின்னத் துளைகளை மட்டும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போனார்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், எல்லா வண்டியிலும் அப்படித்தான். வடிகால் அடைபட்டால் உள்ளேயே தேங்கித் துரு பிடிக்கும்.

ஸ்பீக்கரை மாட்டுகிற வளையத்திலும் இதே தண்ணீர்க் கணக்குதான். புது ஸ்பீக்கர் பழையதைவிட ஆழமானது. கண்ணாடியை முழுக்க இறக்கும்போது காந்தத்தில் இடிக்காமல் இருக்க, இடையில் ஒரு வளையம் வைத்து ஸ்பீக்கரை வெளியே தள்ளி மாட்ட வேண்டும். பல இடங்களில் மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் வெட்டிப் போடுகிறார்கள். அது ஈரம் பட்டால் ஊதி உதிரும். அண்ணன் பாத்ரூம் கதவுக்குப் போடுகிற பிவிசி போர்டில் அளவெடுத்து வெட்டினார், சுற்றிலும் ஃபோம் ஒட்டினார். மூடுவதற்கு முன் கண்ணாடியை மேலும் கீழும் ஏற்றி இறக்கிக் காட்டினார். இதைச் செய்யாமல் மூடுகிற கடையில் மாட்டாதீர்கள்.

ஒயரைப் பற்றி நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: வண்டியின் ஒயரை வெட்டக் கூடாது. வெட்டாமல் சொருகுகிற கப்ளர் பெரும்பாலான வண்டிகளுக்குக் கிடைக்கிறது. நாளைக்குப் பழையபடி மாற்ற வேண்டுமானாலும் பிடுங்கிச் சொருகினால் முடிந்தது. கப்ளரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பை ஈயம் வைத்து, மேலே சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டார்கள். கறுப்பு டேப் சுற்றவில்லை. வெயிலில் டேப்பின் பசை இளகி அவிழ்ந்துவிடும், அதோடு நாங்கள் இருப்பது கடலோரம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகத் தினமும் ஓடுகிற வண்டியில் உப்புக்காற்று பட்ட செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். தென்சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தெரியலாம், இங்கே இருக்கிறவர்கள் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

ட்வீட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது, அதில் எனக்கு ஒரு நிமிடமும் வீணாகத் தெரியவில்லை. உடனே துளை போட்டுவிடாமல், இரட்டைப் பக்க டேப்பில் தற்காலிகமாக ஒட்டி, என்னை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டார்கள். பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கம் உள்ள முக்கோணத்தில் வைத்தபோது குரல் என் வலது காதோரமாகவே நின்றது. நம் ஊரில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருவதால் வலது ஸ்பீக்கர் எப்போதும் அருகில், இடது தொலைவில். முன் கண்ணாடியின் பக்கத்தில் உள்ள தூண் ஓரத்தில் வைத்து, இரண்டையும் நடுக்கண்ணாடியை நோக்கித் திருப்பியதும் குரல்கள் டேஷ்போர்டின் நடுவுக்கு நகர்ந்து வந்தன. சொப்ரானோ இடது, ஆல்டோ கொஞ்சம் உள்ளே, ஆண்கள் வலது என்று பதிவில் நாங்கள் நின்ற வரிசை அப்படியே கேட்டது. அந்த நொடியில் நான் சத்தமாகவே பாட ஆரம்பித்துவிட்டேன். தம்பி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். தூணுக்குள் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அங்கே ஒயர் இழுக்க விடாதீர்கள், அதற்கு டேஷ்போர்டு ஓரமே போதும்.

கடைசியாக போலாரிட்டி. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறிப்போனால் ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், பேஸ் கரைந்து குரல் தலையைச் சுற்றி அலையும். நிறைய பேர் "புது ஸ்பீக்கர் சவசவன்னு இருக்கு" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். தம்பி 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒயரில் தொட்டு, கூம்பு இரண்டு பக்கமும் வெளியேதான் தள்ளுகிறதா என்று பார்த்துவிட்டே பேடை மூடினான்.

செலவு: ஸ்பீக்கர் ரூ.8,600. முன் இரண்டு கதவுக்கும் ஷீட் ரூ.3,200. வளையம், கப்ளர், கிளிப் எல்லாம் சேர்த்து ரூ.900. கூலி ரூ.1,500. ஆக ரூ.14,200. பின் கதவைத் தொடவில்லை. பழைய பின் ஸ்பீக்கர்களைச் சத்தம் குறைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் சத்தத்தைப் பிரிக்கிற ஃபேடரை முன்பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். பட்ஜெட் குறைவு என்றால் ஸ்பீக்கரை ஒரு படி கீழே வாங்குங்கள், ஷீட்டைக் குறைக்காதீர்கள்.

ஓட்டிப் பார்த்ததில் இப்போது ஆல்டோ வரி முதல் தடவையிலேயே பிடிபடுகிறது. மூச்சு எடுக்கிற இடம்கூடக் கேட்கிறது, குழுவில் யார் சுருதி இறங்குகிறார் என்பதும் தெரிகிறது. கதவை மூடும்போதுகூடச் சத்தம் மாறிவிட்டது, தகரச் சத்தம் போய் கனமாக மூடுகிறது. லாரி இரைச்சலும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. முன்பைவிடக் குறைந்த வால்யூமில்தான் இப்போது கேட்கிறேன். கானா போட்டால் டோலக்கின் அடி தனியாக, விரல் தனியாகத் தெரிகிறது.

குறைகளும் உண்டு. வால்யூம் முக்கால் அளவைத் தாண்டினால் பிளிறுகிறது. அது ஸ்பீக்கரின் குற்றமில்லை, ஸ்டீரியோவின் சக்தி அங்கே தீர்ந்துவிடுகிறது. உரக்கக் கேட்பவர்கள் சின்ன நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். ட்வீட்டர் எனக்குக் கொஞ்சம் கூர்மையாகப் பட்டது, ட்ரெபிளை இரண்டு புள்ளி குறைத்ததும் சரியானது. மிக ஆழமான பேஸ் இதில் வராது, எக்ஸ்பிரஸ் ரோட்டில் நிச்சயம் வராது. இடது கதவில் கொஞ்ச நாள் கழித்து ஒரு கிளிப் ஆட ஆரம்பித்தது. போய்ச் சொன்னதும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு அண்ணனே கூப்பிட்டு, வலது கதவைத் திறந்து காட்டினார். வளையம் ஊதவில்லை, ஷீட் உரியவில்லை, இணைப்பில் பச்சை இல்லை.

போகிறவர்கள் காலையிலேயே வண்டியை விட்டுவிடுங்கள், சாயங்காலம்தான் கிடைக்கும். முடிந்தால் ஆவணி, புரட்டாசிக்குள் போங்கள். அவர் வேலை செய்யும் இடத்தில் பாதிக்குத்தான் கூரை. மழை பிடித்துவிட்டால் திறந்த கதவில் ஷீட் ஒட்டாது என்று வண்டியையே எடுக்க மாட்டார்.